வாங்கிய உப்பும் விளைந்த உப்பும்

“இந்த வருஷமாவது நம்ம தலைவாஸ் புனேவ அடிச்சிடுவாங்களா சார்?”

கேட்டவர் உப்பு வாருகிறவர். கேட்ட இடம் மரக்காணம். 2025 செப்டம்பர் கடைசி. மழை வருவதற்குள் வாரி முடித்துவிட வேண்டும் என்று உப்பளத்தில் எல்லோரும் பறந்துகொண்டிருந்த நேரம். டீக்கடையில் என் கையில் இருந்த பேப்பரில் புரோ கபடி பாயிண்ட்ஸ் டேபிளைப் பார்த்துவிட்டுத்தான் அவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் பத்திரிகைக்காரன் இல்லையா, “ட்ரை பண்ணுவாங்க” என்று சொல்லிவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிற நீங்கள் மரக்காணத்தை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கார் ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாகக் குவியல். “அதோ பாரு, உப்பு” என்று குழந்தைக்குக் காட்டுவீர்கள். குழந்தை பார்ப்பதற்குள் ஊர் தாண்டியிருக்கும். எங்கள் ஆட்களும் இந்த ஊருக்கு ஏதாவது விபரீதம் நடந்தால்தான் வருவார்கள். 2013-ல் கலவரம் என்று வந்தார்கள். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்துக்கு மீனவர்கள் செத்தபோது வந்தார்கள். நடுவில் பத்து வருஷம் இந்த ஊர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் எழுதவில்லை, நான் உள்பட. உப்பு வாரினார்கள். மீன் பிடித்தார்கள். சாயங்காலம் கபடி ஆடினார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். தமிழ் தலைவாஸ் புனேரி பல்தானை ஜெயிக்குமா?

முதலில் அந்தப் பெயர். ‘தலைவன்’ எழுவாய். கூப்பிடும்போது ‘தலைவா’. எட்டாம் வேற்றுமை, விளி. அதன் வாலில் ஓர் இங்கிலீஷ் ‘ஸ்’. விளி வேற்றுமைக்குப் பன்மை விகுதி போட்ட ஒரே அணி உலகத்திலேயே நம்முடையதுதான். தொல்காப்பியர் இருந்திருந்தால் ஒரு சூத்திரம் கூடுதலாக எழுதியிருப்பார். போகட்டும், பெயரில் என்ன இருக்கிறது. 2017-ல், லீகின் ஐந்தாவது சீசனில், அணி பிறந்தது. உரிமையாளர்களில் ஒருவராக டெண்டுல்கர் வந்தார். விளம்பரத் தூதராகக் கமல்ஹாசன் வந்தார். பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் விசில் பறந்தது. முடிவில் பிரிவில் கடைசி இடம். அடுத்த வருஷமும் கடைசி.

2019-ல் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது: நட்சத்திரங்களை வாங்குவோம். ஏற்கெனவே அஜய் தாக்கூர் இருந்தார், மஞ்சித் சில்லார் இருந்தார். ராகுல் சௌத்ரியும் வந்தார். கபடி தெரிந்தவர்கள் அந்த லிஸ்ட்டைப் பார்த்து எச்சில் விழுங்கினார்கள். பேப்பரில் அந்த அணியை ஜெயிக்க ஆளே கிடையாது. பன்னிரண்டு அணிகளில் தலைவாஸ் முடித்த இடம் பன்னிரண்டு.

2022-ல் இன்னும் பெரிதாக யோசித்தார்கள். பவன் செராவத், 2 கோடியே 26 லட்சம். லீகில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முட்டியில் அடி. அத்தோடு சீசன் முடிந்தது. மனிதர் மேல் தப்பில்லை. முட்டிக்கு ஏல விலை தெரியாது. நான் படித்தது பி.காம். வாங்கிய முதல் நாளே முழுத் தேய்மானம் எழுதிய சொத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். அதைத்தான் நம் ஆட்கள் திரும்பித் திரும்பி மறக்கிறார்கள்.

விலை போன ஆள் வெளியே போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் யார்? நரேந்தர் என்று ஒரு பையன். அவருடைய முதல் சீசன். அந்த ஒரு சீசனில் 243 ரைடு பாயிண்ட் எடுத்தார். கார்னரில் சாகர். இன்னொரு கார்னரில் சாஹில் குலியா. கவரில் நம்மூர் அபிஷேக். யாரும் போஸ்டரில் இல்லாதவர்கள். அந்த அணிதான் முதல்முறையாக பிளே-ஆஃப் போனது. எலிமினேட்டரில் உ.பி. யோதாஸோடு 36-36 சமன், டை-பிரேக்கரில் வெற்றி. அரையிறுதியில் எதிரே நின்றது யார் தெரியுமா? இதே புனே. 39-37. இரண்டே பாயிண்ட்டில் தோற்றோம்.

அந்த ஆட்டத்தை யூடியூபில் மறுபடி போட்டுப் பாருங்கள். புனேயின் இரண்டு முக்கிய ரைடர்கள், அஸ்லம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும், காயத்தால் களத்தில் இல்லை. நாம் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம். மூன்றாவதாக பங்கஜ் மோஹிதே என்று ஒருவரை இறக்கினார்கள். அவர் ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

டீக்கடைக்காரருடைய பெஞ்சில் உட்கார்ந்திருந்த நம் உப்பளத்துக்காரர் இதே விஷயத்தை இன்னும் சுருக்கமாகச் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் முழுக்க வெடிப்பு. அந்தக் காலத்தில் பாடிப் போனால் ரெண்டு பேரைத் தொடாமல் திரும்ப மாட்டாராம் (இதை அவரே சொன்னார், பெஞ்சில் இருந்த யாரும் மறுக்கவில்லை).

“நம்ம டீம்ல மூணாவது ஆளு இல்ல சார். மொத ரைடர் நல்லா ஆடுவான். அவன உக்கார வெச்சிட்டா ரெண்டாவது ஆளு தடுமாறுவான். மூணாவது ரைடு, செத்தா செத்தான்னு போவணும் பாருங்க, அதுக்கு ஆளு இல்ல. புனேக்காரன்கிட்ட பெஞ்ச்ல நாலு பேரு உக்காந்திருக்கான்.”

லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் வர்ணனையாளர்கள் நாற்பது நிமிஷம் பேசியும் சொல்லாததை அவர் ஒரு கிளாஸ் டீயில் சொல்லிவிட்டார். இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரைடில் பாயிண்ட் எடுத்தே தீர வேண்டும், இல்லையென்றால் போனவர் அவுட். அந்த இடத்தில் யாரை அனுப்புகிறோம் என்பதில்தான் நெருக்கமான ஆட்டங்கள் முடிவாகின்றன. மூன்றாவது ஆளை ஏலத்தில் வாங்க முடியாது. ஏலத்தில் முதல் ஆளைத்தான் வாங்கலாம். மூன்றாவது, நான்காவது ஆட்கள் வளர்கிறவர்கள்.

புனே என்ன செய்தது? அஸ்லமும் மோஹித்தும் ‘புதிய இளம் வீரர்கள்’ என்ற பிரிவில் கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். ஏலத்துக்கு வெளியே, அணியே தேடிப் பிடித்து வளர்த்துக்கொள்ள லீக் கொடுத்திருக்கும் வழி அது. எல்லா அணிகளுக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. அவர்கள் அந்தப் பையன்களைத் தோற்றபோதும் கைவிடாமல் வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 1-ம் தேதி ஹைதராபாத்தில் ஹரியானாவை 28-25 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினபோது கேப்டன் அஸ்லம்.

‘அவர்களும் அந்த வருஷம் ஈரான் நாட்டு ஷாத்லூயிக்கு 2 கோடியே 35 லட்சம் கொடுத்தார்களே’ என்று நீங்கள் மடக்கலாம். நியாயம். கொடுத்தார்கள். சுவர் எழுப்பி, கூரை போட்டு முடித்துவிட்டு அப்புறம் கலசம் வாங்கினார்கள். அடுத்த வருஷம் ஷாத்லூயி ஹரியானாவுக்குப் போய்விட்டார், ஹரியானா கோப்பையை ஜெயித்தது. புனே இடிந்துவிடவில்லை. 2025-ல் மறுபடி ஃபைனல் வந்து, டெல்லியிடம் 31-28 என்று தோற்றது. கலசம் போனாலும் வீடு நின்றது.

நாம்? 2022 சொல்லிக்கொடுத்த பாடத்தைப் படித்து முடிக்காமலே புத்தகத்தை மூடினோம். 2024-ல் சச்சின் தன்வருக்கு 2 கோடியே 15 லட்சம். ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல். கூடவே அதே பவன் செராவத்தை மறுபடி கூட்டிவந்து, சீசன் பாதியில் ஒழுங்கு நடவடிக்கை என்று வெளியே அனுப்பினார்கள். முதல் எட்டு இடத்துக்குள் வரவில்லை.

வாங்கி விற்கிறவன் ட்ரேடிங் அக்கவுண்ட் எழுதுவான். உற்பத்தி செய்கிறவன் மேனுஃபேக்சரிங் அக்கவுண்ட் எழுதுவான். முதல் வருஷ பி.காம் பாடம் இது. கபடியில் தலைவாஸ் எழுதுவது ட்ரேடிங் அக்கவுண்ட். அதுவும் நஷ்டக் கணக்கு.

இங்கே ஒரு கோஷ்டி எழுந்து நின்று, “தமிழன் ஆடாத தமிழ் அணி எதற்கு?” என்று கேட்கும். ஒவ்வொரு சீசனிலும் கேட்கிறது. அந்தக் கோஷ்டியோடும் எனக்குச் சண்டை உண்டு. அஜய் தாக்கூர் இமாசலக்காரர். நம் ஜெர்சியில் முதல் சீசனிலேயே 200-க்கு மேல் ரைடு பாயிண்ட் எடுத்தவர். நரேந்தர் ஹரியானாக்காரர். நம் அணியில் வளர்ந்தவர். அவர்களை எந்த ஊர் என்று கேட்பவன் முதலில் தோனி எந்த ஊர் என்று சொல்லட்டும். ராஞ்சிக்காரரை ‘தல’ என்று கூப்பிட்ட வாய் இது.

என் கோபம் வேறு. சேரலாதனைத் தெரியுமா உங்களுக்கு? தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் பக்கத்துக்காரர். 2016-ல் பாட்னா பைரேட்ஸ் கோப்பையை ஜெயித்தபோது கேப்டன் அவர்தான். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அப்புறம் புனேக்கு ஆடினார். மும்பைக்கு ஆடினார். 2019-ல் ஹரியானா அணிக்குக் கேப்டனாக இருந்தார். கபடியின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் ஹரியானாவுக்கு, ஒரு தஞ்சாவூர்க்காரர்! ஜெய்ப்பூருக்கும் ஆடி முடித்தார். இத்தனை ஊருக்கு ஆடியவர், தலைவாஸுக்காக ஒருமுறை கூடக் களம் இறங்கவில்லை. 2024-ல்தான் வியூகப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள்.

மரக்காணத்து உப்பும் இப்படித்தான். இங்கிருந்து லாரியில் மூட்டையாகப் போகிறது. எங்கேயோ கழுவி, அயோடின் சேர்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, பெயர் ஒட்டித் திரும்பி வருகிறது. உப்பளத்துக்கு எதிரிலிருக்கும் பெட்டிக்கடையில் அந்தப் பாக்கெட் தொங்குகிறது. வாரினவர் வீட்டுக்காரம்மா அதைத்தான் வாங்குகிறார். விலையைப் பற்றிக் கேட்காதீர்கள், அவருக்கும் சிரிப்புதான் வருகிறது.

உப்பு எப்படி விளைகிறது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். சீசன் தொடக்கத்தில் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதிக்கிறார்கள். நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தளம் கட்டுகிறார்கள். தளம் இறுகவில்லை என்றால் உப்பில் மண் ஏறிவிடும், உப்பு கறுத்துப்போகும். பிறகுதான் தண்ணீர். அதையும் ஒரே பாத்தியில் கொட்டிவிடுவதில்லை. ஒரு பாத்தியில் காய்ந்து, அடுத்ததற்கு மாறி, அங்கே காய்ந்து, ரசம் மாதிரி கனமாகி, 25 டிகிரி பக்கம் வந்தால்தான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். அதற்கு ஒரு மானி வைத்திருக்கிறார்கள். அனுபவசாலிகள் மானியைத் தொடுவதில்லை, தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். எந்தக் கட்டத்தையும் தாண்டிக் குதிக்க முடியாது. கோடி ரூபாய் கொடுத்தாலும் காலைத் தண்ணீர் சாயங்காலம் உப்பாகாது.

சாயங்காலம் பக்கத்துத் திடலில் பையன்கள் கபடி ஆடினார்கள். மண் தரை. கோடு சுண்ணாம்பில். மண்ணில் ஆடுவதற்கும் மேட்டில் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் டி.வி.யில் தெரியாது. மண்ணில் வெறுங்கால், வழுக்கும், அதற்கேற்ற மாதிரி உடம்பு பழகியிருக்கும். மேட்டில் ஷூ, பிடிமானம் அதிகம், வேகம் அதிகம், திரும்புகிற கோணமே வேறு. மண்ணில் வளர்ந்தவனைத் திடீரென்று மேட்டில் நிறுத்தி ‘செலக்‌ஷன்’ வைத்தால் முதல் பத்து நிமிஷத்தில் அவன் தோற்றுப்போவான். தேர்வாளர் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார். அந்தப் பையன் ஊருக்குத் திரும்பி உப்பு வாரப் போவான், அல்லது ஒரகடம் பக்கம் ஏதாவது கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போவான். மாவட்டத்துக்கு நான்கு ஊரில் மேட் போட்டு, வருஷம் முழுக்க அதில் ஆட விட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? ஒரு ரைடருக்குக் கொடுத்த 2 கோடியே 15 லட்சத்தில் எத்தனை மேட் வாங்கலாம் என்று நீங்களே கடையில் விசாரித்துப் பாருங்கள். சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர் வைத்த பிறகும் மிச்சம் இருக்கும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஈரானைச் சொல்கிறேன். அங்கே கபடிக்கு நம்மைப்போல் நூறு வருஷப் பாரம்பரியம் கிடையாது, ‘சடுகுடு’ என்ற சொல் கிடையாது. 1990-லிருந்து ஆசிய விளையாட்டில் ஒருமுறை கூடத் தங்கத்தை விடாத இந்திய ஆண்கள் அணியை 2018 ஜகார்த்தா அரையிறுதியில் 27-18 என்று அனுப்பிவைத்தார்கள். அன்றைய இந்திய கேப்டன் அதே அஜய் தாக்கூர். மறுநாள் ஈரான் பெண்களும் நம் பெண்களை ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி. நாம் பயன்படுத்தாததை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பெண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. 2016-ல் புரோ கபடியில் பெண்களுக்காக மூன்று அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். அதற்குப் பிறகு வந்த எட்டு சீசன்களில் ஒன்றில்கூட அது இல்லை. ஏன் என்று கேட்டால் ‘மார்க்கெட்’ என்பார்கள். 2025 அக்டோபரைப் பாருங்கள். பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. இந்தியப் பெண்கள் அணிக்குத் தங்கம். துணைக் கேப்டன் கண்ணகி நகர் கார்த்திகா. சென்னையின் குடிசைகளை அகற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய இடம் கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் புறப்பட்டுப் போய்த் தங்கத்தோடு வந்தார். அதே மாதம் தீபாவளிக்கு மாரி செல்வராஜின் ‘பைசன்’ வந்தது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய படம். தியேட்டரில் கைதட்டினோம், சிலர் அழுதோம். அதே மாதம் தலைவாஸ் எட்டுக்குள் வராமல் மூட்டை கட்டியது. படத்துக்கு டிக்கெட் வாங்கிய நம்மில் எத்தனை பேர் நம் தெருப் பையன்கள் ஆடும் போட்டிக்கு ஒருநாள் போய் நின்றிருப்போம்? நான் போனதில்லை. மரக்காணத்தில் நின்றதுகூட டீ குடிக்கத்தான்.

‘வெண்ணிலா கபடிக்குழு’ வந்தது 2009-ல். ‘கில்லி’ 2004-ல். கபடியைப் படமாக எடுத்தால் ஓடுகிறது என்று கோடம்பாக்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. கபடியைக் கபடியாக நடத்தத் தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

திடலில் இன்னொன்றும் கவனித்தேன். எந்தத் தெருப் பையன்கள், எந்தக் குப்பத்துப் பையன்கள் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. 2013-ஐ நினைத்துக்கொண்டு உப்பளத்துக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“புடிக்கும்போது எவன் எந்தத் தெருன்னு யாரும் கேக்கறது இல்ல சார். தோத்த பெறகுதான் கேப்பாங்க” என்றார்.

அவர் பையனும் ஆடுகிறவன்தான். பத்தொன்பது வயது. கார்னர். “கணுக்காலப் புடிச்சான்னா விட மாட்டான்” என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கே, கூப்பிடுங்களேன் என்றேன். இல்லையாம். கம்பெனி வேலைக்குப் போய் நாலு மாசம் ஆகிறதாம். நைட் ஷிஃப்ட்.

“மேட்ல ஆடியிருக்கானா அண்ணே?”

“டி.வி.லதான் பாத்திருக்கான்.”

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. யாரோ உப்பளத்திலிருந்து குரல் கொடுத்தார்கள். அவர் கிளாஸை வைத்துவிட்டு, வாரும் பலகையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குவித்த உப்பை மூட ஓலை போதாது, ஓடணும் என்றார். பத்து அடி போனவர் திரும்பி நின்று மறுபடி கேட்டார்:

“அப்ப புனேவ அடிக்க மாட்டாங்கன்றீங்க?”